மாறாத சிவப்புத் திட்டு

கும்மிடிப்பூண்டி,
வியாழக்கிழமை

அன்பு மகள் துர்காதேவிக்கு அம்மா எழுதுவது. நான் நல்ல சுகம். அளக்கும் கருவிக்குப் பக்கத்தில் போன் கூடாது என்றாய். பக்கத்து வீட்டு ரம்யா இதைப் போனில் படமெடுத்து அனுப்புவாள், முகாமுக்குத் திரும்பியதும் படி.

பழவேற்காட்டு இறால் வரத்து பரவாயில்லை. கரண்ட் அடிக்கடி போவதால் ஐஸுக்குத்தான் அலைகிறேன்.

பூமிக்கு அடியில் இருப்பதை அளந்து நீ அனுப்பிய படத்தை ஐஸ் பேக்டரி அப்பாவுவிடம் காட்டினேன். "இன்னாக்கா, செவப்பா கீற எடத்துல சுடுதண்ணி கீதுன்னு ஒம் பொண்ணோட மேனேஜரே சொல்றாரு. கையெழுத்துப் போட்டுட்டு சம்பளம் வாங்கிக்கினு போவாம ஒம் பொண்ணுக்கு இன்னா பேஜாரு?" என்றான். சுடுதண்ணியில் கரண்ட் நன்றாக ஓடும், களிமண்ணிலும் ஓடும், படத்தில் இரண்டும் சிவப்புதான் என்றேன். கரண்ட் தயாரிக்க உன் கம்பெனி ஒரு வருஷம் பூமியிலிருந்து நீராவி எடுத்த பிறகு அதே இடங்களில் நீ திரும்ப அளந்ததைச் சொன்னேன். தண்ணி குறைந்து மற்ற சிவப்பெல்லாம் மாறியிருக்க, அந்த ஒரு திட்டு மட்டும் அசையவில்லை, ஆகவே அது களிமண், அங்கே புதுக் கிணறு போட்டால் வீண் என்றும் சொன்னேன். ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டு, "இதெல்லாம் யார்க்கா ஒனக்குச் சொன்னது?" என்றான். என் மகள் என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமைக்குள் அந்தத் திட்டில் சுடுதண்ணி இருப்பதாகக் கையெழுத்துப் போடாவிட்டால் வேலை இல்லை என்கிறார்களாம். என்ன செய்யட்டும் என்று ஒரு வரி கேட்டுவிட்டு, போடக் கூடாததற்குக் காரணம் நான்கு பக்கம் எழுதியிருக்கிறாய். வியாபாரிக்கு இது புரியாதா? முடிவு உன் கையில் இருக்கிறது, என் வாயால் கேட்க ஆசைப்படுகிறாய். சரி, சொல்கிறேன். போடாதே.

உன்னிடம் சொல்லாத ஒன்று. நீ ஏழாவது படித்தபோது ஒரு நாள் சரக்கு குறைந்தது. ஏற்றுமதி ஆர்டர் போய்விடும் என்ற பயத்தில் பழசாகித் தலை கறுத்த இறாலை அடியில் போட்டு, மேலே நல்லதைப் பரப்பி அனுப்பினேன். ஏற்றுமதி கம்பெனிக்காரர்கள் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மூன்று வருஷம் என் பெட்டியை மட்டும் எல்லார் முன்னாலும் கவிழ்த்துத்தான் எடுத்தார்கள். நான் பயந்துபோன இடத்தில் நீ நிற்கிறாய்.

வேலை போனால் போகட்டும். டிக்கெட் போட்டதும் நேரம் சொல். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு நானே வருகிறேன். குளித்துவிட்டுத்தான் வருவேன், ஆனாலும் இறால் வாடை முழுக்கப் போகாது. அதோடுதான் கட்டிக்கொள்வேன், பொறுத்துக்கொள்.

நிமிர்ந்து வா, கண்ணு.

உன் அம்மா,
செங்கம்மாள்