உப்புத்தாள் போட்ட கட்டை

மார்ச் 6

அன்புள்ள வாலுக்கு,

அக்கா எழுதுவது. அப்பாவும் நானும் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை, வேலை செய்யும் பேக்கரியில் உடைந்த பிஸ்கட்டை மென்றே பொழுதை ஓட்டுகிறாயா?

உன் கிட்டாரை இன்று காலை லாரி ஆபீசில் போட்டுவிட்டேன். எட்டாம் தேதி சாயங்காலத்துக்குள் கைக்கு வந்துவிடும் என்று அடித்துச் சொன்னார்கள். ஒன்பதாம் தேதி காலைதானே அந்தக் கப்பல் இசைக்குழு உன்னை வாசிக்கச் சொல்லிக் கேட்கப்போகிறது? நேரத்துக்குச் சரியாக இருக்கும்.

பெரிய வேலை வைத்துவிட்டாய். கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பழைய பிரிட்ஜைக் கழற்றினால், அடியில் இருந்த பள்ளம் புதியதற்குப் பத்தவில்லை. ரூட்டர் மெஷினை வைத்துக் கிட்டாரின் உடம்பை முன்னும் பின்னும் குடைய வேண்டியதாயிற்று. மரத்தை எடுத்தால் எடுத்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது. போட்ட கோட்டையே அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கடை முதலாளி பக்கத்தில் வந்து நின்று, "தங்கச்சியோடதுன்னு பயமா? யாரோ மூணாம் மனுஷங்களோடதுன்னு நெனச்சு வெட்டும்மா" என்றார். நினைத்துப் பார்த்தேன், முடியவில்லை. மூன்று தடவை அளந்துதான் பிரிட்ஜைத் தாங்கும் இரண்டு தூண்களுக்கும் துளை போட்டேன். கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் பழைய எலும்பு நட்டை எடுத்துவிட்டு, கம்பிகளைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு நட்டை வைத்திருக்கிறேன். சுருதி கூட்டிய பிறகு ஆலன் கீயால் அதன் மூன்று திருகுகளையும் இறுக்கு. அதன் பிறகு முறுக்காணியைத் திருகிப் பயனில்லை. பிரிட்ஜிலேயே குட்டித் திருகுகள் இருக்கின்றன, அவற்றால் சரிசெய்துகொள். இனி நீ, சுரத்தை ஏற்றி இறக்கும் அந்த லீவரை எப்படிப் போட்டு அமுக்கினாலும் சுருதி கலையாது.

ஒன்று சொல்ல வேண்டும். புதிது என்பதால் லீவரை மேலே இழுக்கும்போது கொஞ்சம் விறைப்பாக இருக்கும். போகப்போக இளகும். பலமாக இழுத்துவிடாதே. பின்மூடியையும் திறக்காதே, எல்லாவற்றையும் சமன்செய்து வைத்திருக்கிறேன்.

அப்பாவின் இடுப்பு அப்படியேதான். நேற்று அவரைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது, "சின்னவ இருந்தா ஆளுக்கொரு பக்கம் பிடிச்சிருப்பீங்க" என்றார். குழுவில் உன்னை எடுத்தால் இரண்டு வருஷம் கப்பலில்தான் என்பதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. முதலில் உன்னை எடுக்கட்டும்.

உன் அக்கா

---

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

என்னை எடுக்கவில்லை. நலம் விசாரித்துவிட்டு நிதானமாகச் சொல்லலாம் என்று இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன். சுற்றி வளைக்க எனக்கு வரவில்லை.

கிட்டார் எட்டாம் தேதி கடை மூடும் நேரத்தில்தான் வந்தது. உறையைத் திறந்ததும் பேக்கரியே கூடிவிட்டது. வெட்டிய இடம் தெரியாமல் எப்படியக்கா வேலை செய்கிறாய்? எங்கள் மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, "இது பொறக்கும்போதே இப்படித்தானா?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. லீவரை மேலே இழுத்துப் பார்த்தேன், விறைப்பாகத்தான் இருந்தது. நீ சொன்னதுதானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள், துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு கிடங்கில் கேட்டார்கள். குழுத் தலைவி, டிரம் வாசிப்பவர், கீபோர்டு வாசிப்பவர், மூன்றே பேர். முதல் இரண்டு பாட்டும் வெண்ணெய் போலப் போயிற்று. லீவரை அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன், ஒரு கம்பி கூட விலகவில்லை. மூன்றாவது பாட்டில்தான் வினை. அதில் ஓரிடத்தில் சுரத்தைப் பிடித்து, லீவரை மேலே இழுத்து, அப்படியே ஏற்றிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும். பாட்டே அந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது. இழுத்தேன், வரவில்லை. விறைப்பாக இருக்கும் என்று நீ எழுதியது ஞாபகம் வந்து இன்னும் கொஞ்சம் இழுத்தேன். பலமாக இழுக்காதே என்றதும் ஞாபகம் வந்து விட்டுவிட்டேன். அவர்கள் எல்லாம் மேலே போய்விட்டார்கள், நான் மட்டும் கீழேயே நிற்கிறேன். தலைவி கையைக் காட்டி நிறுத்தினார். "கையில பலம் இல்லம்மா. நல்லாப் பழகிட்டு வா" என்றார். குரலில் கோபம் கூட இல்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

உன் வேலையில் ஒரு குறையும் இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தப் பேர் எனக்கு வேண்டாம். ஆறு வருஷமாக வாசிக்கிற கை, இவ்வளவுதான் போலிருக்கிறது. கிட்டாரை உறையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மாத முடிவில் இந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிடுகிறேன். அப்பாவுக்கு இன்னொரு பக்கம் பிடிக்க ஆள் ஆயிற்று. உனக்குச் சந்தோஷம்தானே?

உன் வாலு

---

மார்ச் 16

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று நாளாகிறது. எழுத உட்காருகிறேன், பேனாவைத் திறக்கிறேன், மூடுகிறேன். நீ வருகிறாய் என்ற வரியை மட்டும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்போதிலிருந்து தலையணையை உயர்த்தி வைக்கச் சொல்லி வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் சமையலறையில் போய் நிற்கிறேன்.

உன் கையில் ஒரு குறையும் இல்லை. தப்பு என்னுடையது. பிரிட்ஜைச் சமமாக நிறுத்திச் சுருதி கூட்டும்போது, அது அசையாமல் இருக்க, பின்பக்கம் ஸ்ப்ரிங் இருக்கும் குழியில் ஒரு மரக்கட்டையை அண்டை கொடுப்போம். வேலை முடிந்ததும் உருவிவிட வேண்டும். நான் உருவ மறந்துவிட்டேன். அது உள்ளே இருக்கும்வரை லீவர் கீழே போகும், மேலே வராது. யானையைக் கட்டி இழுத்தாலும் வராது.

பின்மூடியைத் திற. கட்டையை எடுத்துவிடு. ஸ்ப்ரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு நீளத் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, பிரிட்ஜ் படுக்கை மட்டத்துக்கு வரும்வரை சுருதியைப் பார்த்துக்கொண்டே வா. பிறகு அந்தத் தலைவிக்கு எழுது. கோளாறு கருவியில்தான், கையில் இல்லை என்று சொல்.

என்னை மன்னித்துவிடு.

உன் அக்கா

---

மார்ச் 21

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் மாவு மேசையிலேயே உட்கார்ந்து சிரித்துவிட்டேன். மாஸ்டர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பத்து நாளாக என் வலது கையை விரோதியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் சோறு பிசையும்போது கூட அதன்மேல் கோபம் வரும்.

உன்னைத் திட்டவே தோன்றவில்லை. அப்பாவையும் கடையையும் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டால் யாருக்குத்தான் மறக்காது? இதற்குப் போய் மூன்று நாள் பேனாவைத் திறந்து மூடினாயா, பைத்தியமே. இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கு நடுவில், கட்டையை எடுத்துவிட்டு வந்து மிச்சத்தை எழுதலாம் என்று எழுந்து போனேன்.

அது இப்போது என் முன்னால் இருக்கிறது.

அக்கா, பள்ளிக்கூடம் விட்டதும் உன் வேலை மேசைக்குக் கீழே உட்கார்ந்துதான் நான் வளர்ந்தேன். அண்டை கொடுக்கிற கட்டையை நீ எப்படி எடுப்பாய் என்று எனக்குத் தெரியும். குப்பைப் பெட்டியில் கைவிட்டால் எது வருகிறதோ அது. சிலாம்பு சிலாம்பாக இருக்கும். ஒரு தடவை நான் பொழுது போகாமல் அப்படி ஒரு கட்டையைத் தேய்த்ததற்குத் தலையில் குட்டு வைத்தாய். "நிக்கப் போறதுக்குத்தான் உப்புத்தாள். எடுத்துப் போடறதுக்கு எதுக்குடி?" என்றாய்.

இந்தக் கட்டையின் ஆறு பக்கத்துக்கும் உப்புத்தாள் போட்டிருக்கிறது. விளிம்புகளை உருட்டியிருக்கிறது. மயிரிழை பிசகாமல் குழியின் அளவுக்கு அறுத்திருக்கிறது. அடியில் பசை நாடா வேறு. கேக் வெட்டும் கத்தியை விட்டு நெம்பித்தான் எடுத்தேன்.

மறந்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். இன்னொரு தடவை எழுது.

தங்கை

---

மார்ச் 26

அன்புள்ள தங்கைக்கு,

மறக்கவில்லை.

இன்னொரு பொய்யும் கைவசம் இருந்தது. வாசிக்கும்போது ஒரு கம்பி அறுந்தால், இந்த பிரிட்ஜில் மற்ற ஐந்தும் சுருதி விலகிவிடும். கட்டை இருந்தால் விலகாது. அதற்காகவே சிலர் கேட்டு வைத்துக்கொள்வார்கள். உன் நன்மைக்குத்தான் வைத்தேன் என்று எழுதியிருந்தால் நீ நம்பியிருப்பாய். நம்பிவிடுவாய் என்றுதான் எழுதவில்லை.

வேலை திங்கட்கிழமையே முடிந்துவிட்டது. கட்டையை உருவிவிட்டு லீவரை மேலே இழுத்தேன். சுரம் ஏறிற்று, ஏறி அங்கேயே நின்றது. என் கையால் இவ்வளவு நல்ல வேலை இதுவரை வந்ததில்லை. இதை வைத்துக்கொண்டு இவள் போய்விடுவாள் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து அப்பாவைத் தூக்கி உட்கார வைத்து, விரிப்பை மாற்றி, கஞ்சி கொடுத்தேன். வாயைத் துடைக்கும்போது உன் பேரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நினைவு தப்பி ஒன்றுமில்லை, சும்மா வாய் தவறித்தான். செய்வது நான், வாயில் வருவது நீ.

மறுநாள் கடைக்குப் போய் நல்ல துண்டாகத் தேடி எடுத்தேன். அறுத்தேன், தேய்த்தேன். என்ன செய்கிறேன் என்று உப்புத்தாள் போடும்போதாவது உறைத்திருக்க வேண்டும் என்று நீ நினைக்கலாம். உறைத்தது. உறைத்த பிறகும்தான் செய்தேன். ஆறாம் தேதி வியாழக்கிழமைவரை அனுப்பாமல் வைத்திருந்ததும் வேண்டுமென்றுதான். முன்னாலேயே கிடைத்தால் நீ மூடியைத் திறந்து பார்த்துவிடுவாய். விறைப்பு என்று எழுதியதும் அதற்குத்தான்.

ஒரு வேலையைத்தான் தடுக்கிறேன் என்று நினைத்தேன். நீ உன் கையையே சந்தேகப்பட்டாய். நீ அப்படி எழுதிய பிறகுதான் நான் செய்தது எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. அப்போதும் பாதி உண்மைதான் சொன்னேன், பார். தப்பைச் செய்தவளுக்கு அதை ஒழுங்காகச் சொல்லவும் தைரியமில்லை.

திட்டு. என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா

---

ஏப்ரல் 8

அன்புள்ள வாலுக்கு,

பதில் இல்லை. மாத முடிவும் போய்விட்டது, நீயும் வரவில்லை. அப்பா தினமும் கேட்கிறார், "லீவு கிடைக்கல போல" என்று அவரே பதிலும் சொல்லிக்கொள்கிறார். தபால்காரர் என்னைக் கண்டாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். கடையில் நேற்று ஒரு பிரிட்ஜ் வேலை வந்தது. எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஒரு வரி போதும்.

அக்கா

---

ஏப்ரல் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் சின்ன மகள் எழுதுவது. நான் நலம். இனிமேல் கடிதங்களை உங்கள் பேருக்கே எழுதலாம் என்று இருக்கிறேன். உங்கள் கண்ணுக்கு எழுத்து தெரியாது, அக்காதான் படித்துக் காட்ட வேண்டும் என்று தெரியும். நிறுத்தி நிதானமாகப் படிக்கச் சொல்லுங்கள்.

மாத முடிவில் வருகிறேன் என்று சொல்லி உங்களைக் காக்க வைத்துவிட்டேன். வரவில்லை அப்பா. ஒரு கப்பலில் பாட்டுக்குழு இருக்கிறது, அதற்காக முன்பு வாசித்தபோது கருவியில் கோளாறு இருந்தது. அதைச் சொல்லி மறுபடி கேட்டேன். "இந்த பிரிட்ஜை யாரு மாட்டிக் கொடுத்தது?" என்று குழுத் தலைவி விசாரித்தார். ஏதோ ஒரு கடையில் யாரோ என்று சொல்லிவிட்டேன். நின்றுபோன அந்த ஒரு பாட்டை மட்டும் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மே மாதம் பத்தாம் தேதி கப்பல் கிளம்புகிறது, இரண்டு வருஷம்.

உங்களை ஒருத்தியாகப் புரட்டிப் படுக்க வைப்பது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே ஒரு வருஷம் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். அந்தப் பாவம் என்னுடையது, அதை யார் தலையிலும் போட மாட்டேன். சின்ன அத்தையிடம் பேசியிருக்கிறேன். அடுத்த வாரத்திலிருந்து அங்கே வந்து இருப்பதாகச் சொல்லிவிட்டார். வாய்தான் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரிட்ஜ் வேலை அவ்வளவு சுத்தம் அப்பா. பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள்.

மருந்தை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கரை தொடும் இடத்திலெல்லாம் எழுதுவேன். அக்கா பக்கத்தில் இருந்தால், நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் சின்ன மகள்