புரட்டாசியில் புரிந்த வாக்கியம்

தூக்குவாளியைக் கழுவிக் கவிழ்த்த பிறகும் அடுக்களையில் புளியும் பாறை மீனும் மணக்கின்றன. உன் வீட்டு வாளிதான். மூடியின் நெளிவு அப்படியே இருக்கிறது. நீ மவுத்தாகி இன்னும் ஒரு வருஷம் முடியவில்லை. இந்த வாசனைதான் உனக்கு எழுத என்னை உட்கார வைத்தது.

அஞ்சல் வழிப் பட்டப்படிப்பில் நாம் சேர்ந்தபோது இருவர் வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அது ஒரு ஆசை, அவ்வளவுதான். உனக்கு அப்படி இல்லை. உன் வீட்டுக்காரர், எனக்கு அண்ணன், சவூதியில் தம்மாமில் வேலையில் இருந்தார். "நான் ஒரு வேலையில உக்காந்தாத்தான் அவுக அங்கன இருந்து ஊருக்கு வர முடியும்" என்பாய். மற்ற தாள்கள் எல்லாம் தேறிவிட்டாய். பொருளாதாரம் மட்டும் தண்ணி காட்டியது.

குறிப்பாக அந்த ஒரு ஆங்கில வாக்கியம். மூன்று வரிக்கு நீண்டு கிடக்கும். அகராதியை வைத்துச் சொல் சொல்லாகப் பிரித்தோம். விலை குறைந்தால் தேவை கூடும் என்ற வால் கிடைத்தது. தலையில் இருந்த 'அதர் திங்ஸ் ரிமெய்னிங் த சேம்', அதாவது 'மற்றதெல்லாம் மாறாமல் இருக்க' என்பது மட்டும் எதோடும் ஒட்டவில்லை. கடிதத்தில் 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதுவதுபோல வெள்ளைக்காரன் மரியாதைக்குப் போட்டிருப்பான் என்று நீ தீர்ப்புச் சொன்னாய். நானும் பெரிய மேதாவிபோலத் தலையாட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை திருப்புல்லாணிப் பெருமாளைச் சேவித்துவிட்டு, பஸ் பிடித்துத் தேவிபட்டினத்துக்கு உன் வீட்டுக்கு வந்தேன். நீ மீன் கூடையோடு கடற்கரையிலிருந்து கோபமாக வந்தாய்.

"புத்தகத்தத் தூக்கிக் கடல்ல போடு புள்ள. பாறை மீனு பாதி வெலைக்குக் கெடக்கு, வாங்க ஆளக் காணோம். வெல கொறஞ்சா தேவை கூடும்னானே, எங்கன கூடுச்சு?"

"புரட்டாசில யாரு மீன் வாங்குவா? எங்க வீட்லயே மீன் சட்டியக் கழுவி மேல வச்சாச்சு."

நீ கூடையைக் கீழே வைத்தாய். என் கையிலிருந்த துளசியையே பார்த்தாய்.

"அப்ப வெல கொறஞ்சதே ஒங்களாலதான். அந்த 'மத்ததெல்லாம்' நீங்கதான் புள்ள. மத்ததெல்லாம் மாறாம இருந்தாத்தான் அவன் சொன்னது நடக்கும். இங்கன புரட்டாசி வந்து மாத்திருச்சு."

மரியாதைக்குப் போட்டது என்று நாம் தாண்டிப்போன இடத்தில்தான் வாக்கியத்தின் உயிரே இருந்திருக்கிறது. மீனை மறந்துவிட்டு இருவரும் சிரித்த சிரிப்பில், பூனை ஒரு மீனைக் கவ்விக்கொண்டு போனதே, நினைவிருக்கிறதா?

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. நீ பாறை மீனையும் புரட்டாசியையும் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு வந்து, முடிவு வரும்வரை பயந்துகொண்டே இருந்தாய். தேறினாய். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அண்ணன் ஊரோடு வந்து சேர்ந்தார். அவர் எதிரே உட்கார்ந்து நீ சாப்பிட்ட அந்தச் சில வருஷங்களை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷமாக இருக்கிறது. அதன்பின் ஒவ்வொரு ஐப்பசி முதல் நாளும் மீன் குழம்போடு என் வாசலில் வந்து நிற்பாய். "இன்னைக்கு ஒன் தேவை கூடிருக்கும்ல" என்பாய்.

இன்று ஐப்பசி முதல் நாள். சத்தம் கேட்டு வாசலுக்குப் போனால் அண்ணன் வாளியோடு நிற்கிறார்.

"வருஷா வருஷம் அவ குடுக்கிறதுதானே தங்கச்சி. அவ பக்குவத்துலதான் வச்சிருக்கேன்" என்றவர், என் முகத்தைப் பார்க்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

உப்பு கொஞ்சம் தூக்கல். ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். நாளைக்கு வாளியில் புளியோதரை வைத்துத் திருப்பிக் கொடுப்பேன். வெறும் வாளி கொடுத்தால் நீ முறைப்பாய். இனி ஒவ்வொரு ஐப்பசியிலும் இப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

அதே மீன், அதே புளி, அதே வாளி. மற்றதெல்லாம் மாறாமல்தான் இருக்கிறது புள்ள. நீ ஒருத்திதான் இல்லை.