தகுதியில்லாதவர் கரைசேர்த்த கப்பல்

பிப்ரவரி 3

இன்று முந்நூற்றுப் பன்னிரண்டு தாள்களில் சீல் குத்தினேன். ஆளுநர் மாளிகையில் சீல் குத்துகிற குமாஸ்தா என்று ஊர் என்னைச் சொல்கிறது. பேரரசின் வலது கை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். பேரரசில் சூரியன் மறைவதே இல்லையாம். என் அறையில் அது உதித்ததே இல்லை. ஜன்னல் கேட்டு விண்ணப்பம் போட்டு ஒன்பது வருடம் ஆகிறது.

கப்பல் இன்றும் வரவில்லை. அக்கா மகளின் ரிசல்ட் அதில்தான் வர வேண்டும்.

பிப்ரவரி 9

என் சரித்திரத்தை நாளை உலகம் படிக்கும்போது திண்டாடக் கூடாது, அதனால் எழுதி வைக்கிறேன். எங்கள் காலனியில் எந்தத் தொழிலுக்கும் சர்டிபிகேட் கடலுக்கு அப்பால் தலைநகரில்தான் தருவார்கள். தேர்வை இங்கே எழுதலாம். விடைத்தாள் நாலு மாதம் கடலில் போகும், அங்கே இஷ்டம்போல் ஓய்வெடுக்கும், நாலு மாதம் திரும்பி வரும். வருகிறவரை எல்லாரும் 'தற்காலிகம்'.

அக்கா மகள் ஆறு வருடமாகத் தற்காலிக டாக்டர். மருந்து கொடுக்கலாம், கத்தி எடுக்கக் கூடாது. கத்தி எடுக்கிற பெரிய டாக்டர் வருடத்துக்கு இரண்டு முறை கப்பலில் வருவார். வயிற்றுவலிக்காரர்கள் அதுவரை வலியைத் தள்ளிப்போட வேண்டும். போன வருடம் ஒரு மீன்காரர் மனைவிக்குக் குடல் முறுக்கிக்கொண்டது. தள்ளிப்போடத் தெரியாமல் மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தாள். அக்கா மகள் கட்டில் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அதைப் பற்றி அவள் பேசுவதில்லை. நானும் அதில் வேடிக்கை பண்ணுவதில்லை.

பிப்ரவரி 17

கப்பல் வந்தது! உள்ளே கொண்டுவந்தது அத்தான். அக்கா வீட்டுக்காரர்தான் இங்கே துறைமுக பைலட். வெளிக்கடலில் நிற்கிற கப்பலில் ஏறி, மணல்திட்டுகளுக்கு நடுவே தட்டாமல் முட்டாமல் கரைசேர்ப்பவர். இருபத்திரண்டு வருடமாகத் தற்காலிகம்.

தபால் மூட்டையை நான்தான் பிரித்தேன். அக்கா மகளுக்கு ஒரு வரி: 'தங்கள் விடைத்தாள் பரிசீலனையில் உள்ளது.' அடியில் அத்தானுக்கு ஒன்று. நாலு வருடத்துக்கு முன் எழுதிய தேர்வின் முடிவு: 'கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டுவரத் தாங்கள் தகுதியற்றவர்.'

அந்தக் கடிதம் வந்த கப்பலைக் கொண்டுவந்தவர் அவர்.

நான் சிரித்த சிரிப்பில் மாளிகைச் சுவரில் இரண்டு விரிசல். அத்தான் சிரிக்கவில்லை. கடிதத்தை மூன்று தடவை படித்தார்.

"மச்சான், இதுல இருக்கிற சீல் உன்னோடதா?"

"கவர்ல மட்டும்தான் அத்தான்."

பிப்ரவரி 18

அத்தான் வேலைக்குப் போகவில்லை. துறைமுக அதிகாரி வீட்டுக்கே ஓடி வந்தார். "என்னய்யா, வெளியே ரெண்டு கப்பல் நிக்குது!"

"தகுதியில்லாதவன் ஏறலாமா சார்? சட்டத்தை மீறச் சொல்றீங்களா?"

அக்கா உள்ளேயிருந்து, "அவரைக் கெடுக்காதீங்க, நல்லபடியா திருந்திட்டு வர்றார்" என்றாள்.

மார்ச் 2

தற்காலிக ஆசிரியர்கள், தற்காலிக ரயில் டிரைவர், தற்காலிக விளக்கேற்றுபவர் எல்லாரும் சட்டத்தை மதித்து வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். இவ்வளவு ஒழுக்கமான கலகத்தை ஈரேழு லோகமும் கண்டதில்லை. அக்கா மகள் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். "வலி வந்தவங்களுக்கு சட்டம் தெரியாது மாமா" என்றாள்.

விடுமுறை முடிந்து திரும்பிய ஆளுநரின் கப்பல் வெளிக்கடலில் நிற்கிறது. கரைசேர்க்க ஆள் இல்லை.

மார்ச் 8

ஆளுநர் சின்னப் படகில் உத்தரவு அனுப்பினார்: பைலட்டைக் கைது செய்க. சீல் இல்லாமல் உத்தரவு செல்லாது. சீல் என் பெட்டிக்குள் இருக்கிறது. சாவி தொலைந்துவிட்டது என்றேன்.

சாவி சட்டைப் பையில்தான் இருந்தது. அதன்மேல் என் நெஞ்சு அடித்த அடி அடுத்த தெருவரை கேட்டிருக்கும். யாரும் சோதிக்கவில்லை. ஏன் சோதிக்கவில்லை? அவர்களும் கைது வேண்டாம் என்று நினைத்திருப்பார்களோ?

மார்ச் 13

சின்னப் படகில் கரையேறுவது ஆளுநரின் கௌரவத்துக்குக் குறைவாம்; குடிநீர் குறையத் தொடங்கியதும் அவர் கப்பல் திரும்பிப் போய்விட்டது.

மார்ச் 14

இன்று முதல் தனி நாடு. மதியம் மழை.

ஏப்ரல் 2

புது மன்றம் கூடியது. இனி சர்டிபிகேட் யார் கொடுப்பது? சீல் யாரிடம் இருக்கிறதோ அவரே தேர்வு வாரியம் என்று முடிவு. பத்தாம் வகுப்பைத் தாண்டாத நான் இன்று ஒரு நாட்டின் மொத்தக் கல்விக்கும் தலை. முதல் சர்டிபிகேட் அத்தானுக்கு. அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் படித்தார்.

ஏப்ரல் 20

நூற்று நாற்பது பேருக்குக் கொடுத்தாயிற்று, கேட்டவர்களுக்கெல்லாம். எனக்கு நானே 'அண்ட சராசர முத்திரை வேந்தன்' என்று ஒன்று கொடுத்துக்கொண்டேன். இரண்டாம் பைலட் என்று நான் சீல் குத்திய ஆள் உப்புக் கப்பலை மணல்திட்டில் ஏற்றிவிட்டான். அது அங்கேயே நிற்கிறது. கொக்குகளுக்குப் பிடித்துப்போய்விட்டது.

ஏப்ரல் 21

அக்கா மகளுக்குத் தங்க எழுத்தில் ஒன்று எழுதிக்கொண்டு போனேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டாள்.

"நீங்க சீல் குத்தினா நான் டாக்டரா மாமா?"

"உங்கப்பாவுக்குக் குத்தினேனே?"

"அப்பா இருபத்திரண்டு வருஷம் ஓட்டிக் காட்டியிருக்கார். நான் ஒரு வயித்தைக்கூடத் திறந்ததில்ல. பரீட்சை வைங்க."

கேள்வித்தாள் தயாரிக்க நாட்டில் வைத்தியம் தெரிந்தவர் ஒரே ஒருத்தி. அவளேதான்.

மே 6

அவளே கேள்வி போட்டாள். ஒரு மாதம் பெட்டியில் பூட்டி வைக்கலாம் என்றேன், "நானே போட்டது எனக்கு மறக்குமா?" என்று சிரித்தாள். இன்று நாலு மணி நேரம் எழுதினாள். கண்காணிப்பாளர் நான். தன் பையைச் சோதிக்கச் சொன்னாள், சோதித்தேன். ஒரு சீப்பு.

மே 8

அவளே புத்தகத்தை வைத்துக்கொண்டு திருத்தினாள். நாற்பத்தேழு. ஐம்பது வேண்டும்.

பத்து மார்க் கேள்வி ஒன்றில் பூஜ்யம். குடல் முறுக்கு.

"அன்னைக்கு என் கையில கத்தி குடுத்திருந்தாலும் அந்தம்மா செத்திருப்பாங்க மாமா. நான் வெட்ட நினைச்ச இடமே தப்பு. ஒரு வருஷமா தலைநகர்க்காரங்க மேல கோபமா இருந்தேன்."

மூணு மார்க்தானே, வாரியம் நான்தானே... சொல்ல வாயைத் திறந்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். 'தேர்ச்சி இல்லை' என்று எழுதி சீல் குத்தினேன். இத்தனை வருடத்தில் ஒரு சீலுக்கு இவ்வளவு கனம் இருந்ததில்லை.

ஜூலை 19

வேறொரு நாட்டுக் கப்பல் பாய்மரம் உடைந்து வந்திருக்கிறது. சரிசெய்ய மூன்று மாதம். அதில் ஒரு டாக்டர். அக்கா மகள் அவரைத் தூங்கவிடுவதில்லை.

அக்டோபர் 11

அக்கா மகள் மறுபடி எழுதினாள். எழுபத்தொன்று! இந்த முறை திருத்தியது அந்தக் கப்பல் டாக்டர்.

நவம்பர் 25

ஒரு சுமைகூலிக்குக் குடல் முறுக்கு. திறந்தாள். பிழைத்துவிட்டான். வீட்டுக்கு வந்து சாப்பிட்டாள். அக்கா இரண்டு தடவை சோறு வைத்தாள்.

ஜனவரி 30

எங்கள் நாட்டிலேயே ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கடிதம் அனுப்பியிருக்கிறார்கள். இனி அவர்களுக்குத் தனித் தேர்வு வாரியமாம்! சிரிப்புக்காக அக்கா மகளிடம் காட்டினேன். "பாத்தியா, நேத்து முளைச்சதுங்க."

"டிசம்பர்ல அங்கிருந்து நாலு பேர் எழுதினாங்களே, நான் அடுத்த நாளே திருத்திக் குடுத்தேனே. ரிசல்ட் அனுப்பிட்டீங்களா?"

"மை தீந்துபோச்சு. அப்புறம் பொங்கி வழியற வேலை..."

"எத்தனை நாளாச்சு?"

"நாப்பத்தொண்ணு."

"ஆறு எவ்வளவு அகலம் மாமா?"

ஜனவரி 31

படகில் நானே கொண்டுபோனேன். பத்து நிமிடம். நாலு பேரில் மூன்று பேர் தேர்ச்சி. முதல் மார்க் வாங்கிய மருத்துவச்சி தேநீர் கொடுத்து, "சந்தோஷம் சார். ஆனா வெள்ளிக்கிழமை எங்க வாரியம் பரீட்சை வைக்குது, அதையும் எழுதிடறேன்" என்றாள்.

அவர்கள் வாரியத்தையும் பார்த்தேன். மாவு மில்லின் பின்னறையில் ஒரு மேஜை, ஒரு நல்ல மனிதர். ஜன்னல் இருக்கிறது. "எத்தனை நாளுக்குள்ள ரிசல்ட் குடுக்கணும்னு விதி போடலாம், நீங்க அனுபவஸ்தர்?" என்று கேட்டார்.

"எட்டு நாள்" என்றேன். குறித்துக்கொண்டார்.

"உங்க வாரியத்துல எத்தனை நாள் சார்?"

படகுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டேன்.