கற்பூரத் தட்டும் ஓட்டுப் பெட்டியும்

மேலோகத்திலும் யாரிடமாவது வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டுக்கொண்டிருக்கும் என் மாமாவுக்கு,

உங்கள் பாவாயி எழுதுவது. செவலைப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. மேட்டுக்காட்டுக் கடலை இந்த வருஷம் மோசமில்லை. நீங்கள் போய் இரண்டு வருஷமாக உங்களுக்கு எழுத உட்கார்ந்தாலே அழுகைதான் வந்தது. இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். நேற்று நான் ஓட்டுப் போட்டேன்! நிலவரி கட்டுகிறவர்களுக்குத்தானே ஓட்டு; உங்கள் நிலம் என் பேருக்கு மாறியதும் ஓட்டும் என் பேருக்கு வந்துவிட்டது.

போன தேர்தலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மிட்டாதார் நம் ஊர் ஓட்டுக்காரர்களையெல்லாம் மாரியம்மன் கோயிலுக்கு வரச் சொன்னார். பூசாரி பழனி கற்பூரம் ஏற்றிய தட்டை நீட்ட, ஒவ்வொருவராக அதைக் கையால் அணைத்து, 'பச்சைப் பெட்டியில்தான் போடுவேன்' என்று சத்தியம் செய்தீர்கள். பச்சை மிட்டாதாருடைய ஆளின் பெட்டி. உங்கள் மனசோ நீலப் பெட்டிக்காரர் பக்கம். அவர் கதர் மூட்டையோடு நம் களத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போன நாளிலிருந்து, அவர் பேச்சைத்தான் நீங்கள் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

"மறைப்புக்குள்ள யாருங்க மாமா பாக்கப் போறாங்க? நீலத்துலயே போட்டுட்டு வாங்க" என்றேன்.

"அம்மன் பாத்துக்கிட்டிருப்பாளே, சாமி" என்றீர்கள்.

பச்சையில் போட்டுவிட்டு வந்தீர்கள். வந்ததும் கிணற்றடியில் உட்கார்ந்து அந்த வலது கையைக் கழுவினீர்கள், கழுவினீர்கள், அப்படிக் கழுவினீர்கள். வரப்புத் தகராறில் பங்காளிகள் பத்துப் பேர் வந்தாலும் அசையாத மனுஷன், அன்றைக்குச் சோறு வேண்டாமென்று எழுந்து போனீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் வந்தது. மிட்டாதார் மேல் வந்திருக்க வேண்டியது.

ஆனால் யார் மேல் கோபப்படுவது? திருவிழாவில் முதல் பரிவட்டம் அவருக்கு. அதைத் தலையில் கட்டிக்கொண்டு அவர் நின்றால், அம்மனே அவரை அதிகாரத்தில் உட்காரவைத்ததுபோல் நாமும் கும்பிட்டுக்கொண்டுதானே இருந்தோம். வரி வாங்குகிறவரும் அவர், தேர் வடத்தை முதலில் தொடுகிறவரும் அவர். எது சர்க்கார் பயம், எது சாமி பயம் என்று நமக்கு என்றைக்காவது பிரித்துப் பார்க்கத் தெரிந்ததா?

இந்த முறையும் தேர்தலுக்கு நான்கு நாள் முன்னால் கோயிலுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. போனோம். ஆண்கள் ஒரு பக்கம். நானும் பக்கத்துக் காட்டு நாச்சாயியும் இன்னும் இரண்டு பெண்களும் வேப்பமரத்தோரம். மிட்டாதாருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"வெள்ளைக்காரன் இன்னிக்கோ நாளைக்கோ போயிருவான். ராஜாங்கம் மாறும், அம்மன் மாறுவாளா? அவளுக்குக் கட்டுப்பட்டவங்க எனக்குக் கட்டுப்பட்டவங்க. ஏத்துப்பா கற்பூரத்த" என்றார்.

பழனி தட்டை எடுத்தார். கற்பூரத்தில் கை வைத்துவிட்டால் நானும் அம்மனுக்குப் பயந்தவள்தான், பச்சையைத் தாண்ட மாட்டேன். அப்போதுதான் வாய் தானாகக் கேட்டது.

"ஏனுங்க பூசாரி, பூக் கேட்டாச்சுங்களா?"

ஊரே திரும்பிப் பார்த்தது. கல்யாணமா, கிணறு வெட்டா, விதைப்பா, எதற்கும் அம்மன் தலையில் பூ வைத்து உத்தரவு கேட்கிற ஊர் இது. வலப்பக்கம் விழுந்தால் செய்யலாம், இடப்பக்கம் விழுந்தால் கூடாது. விழும்வரை ஒருவரும் ஒன்றும் செய்யக் கூடாது. இத்தனைக்கும் பூக் கேட்ட நாம், அந்தச் சத்தியத்துக்கு மட்டும் கேட்கவே இல்லை மாமா! யாருக்குமே தோன்றவில்லை.

"ஆமாங்க, கேக்கோணுமுங்க" என்றார் முத்தாக் கவுண்டர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். வேண்டாம் என்று மிட்டாதார் எப்படிச் சொல்வார்? அம்மன் பேரைச் சொல்லித்தானே உட்கார்ந்திருக்கிறார்.

பழனி அம்மன் தலையில் வெள்ளரளிப் பூவை வைத்தார். காத்திருந்தோம். பூ விழவில்லை. வெயில் ஏறியது. நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார்கள். பூ விழவில்லை. முத்தாக் கவுண்டர் ஒரு தும்மல் போட்டார். அவரை எல்லோரும் முறைத்த முறைப்பில் அடுத்த தும்மலை மனுஷன் விழுங்கிவிட்டார்.

"பழனி, அதக் கொஞ்சம் தட்டி உடு" என்றார் மிட்டாதார்.

"அம்மன் தலையில நான் கை வெக்கறதுங்களா? எசமான் வேணும்னா வந்து தட்டுங்க."

மிட்டாதார் எழுந்தார். நான்கு அடி வைத்தார். எங்களைப் பார்த்தார், அம்மனைப் பார்த்தார், திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். அவருக்கு இன்னும் இரண்டு ஊரில் சத்தியம் வாங்க வேண்டியிருந்தது. உச்சி வெயிலில், "உழுந்ததும் சொல்லியனுப்புங்க" என்று மோட்டாரில் ஏறினார். அதன் புழுதி அடங்கும்வரை எல்லோரும் மரியாதையாக நின்றோம். அப்புறம் யார் முதலில் சிரித்ததென்று தெரியவில்லை. நான் சிரித்து முடிக்கும்போது கண்ணில் தண்ணீர்.

பழனியைத் தனியாகப் பிடித்தேன்.

"வெயில் காலமாச்சுங்களே, அம்மிணி. அவளுக்குச் சூடு தாங்காதேன்னு காலையில சந்தனத்தக் கொஞ்சம் கெட்டியாச் சாத்தீட்டனுங்க" என்றார். பூ அந்தச் சந்தனத்தில் ஒட்டிக்கொண்டது. ஆனால் நான் பூக் கேட்பேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே! இது யார் வேலை மாமா? வலப்பக்கம் விழுந்திருந்தால் நானும் தட்டில் கை வைத்திருப்பேன். அதை உங்களிடம் மறைக்கவில்லை. அப்புறம் அது எந்தப் பக்கம் விழுந்ததென்று பார்க்க ஊரில் ஒருவரும் போகவில்லை.

நேற்று மல்லசமுத்திரம் பள்ளிக்கூடத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போனோம், நோம்பித் திருவிழாவுக்குப் போகிறமாதிரி. புருஷன் பேர் என்ன என்று அங்கே ஒரு குமாஸ்தா கேட்டார். நான் சொல்லுவேனா? நாச்சாயிதான் உங்கள் பேரை ஏலம் விடுகிறவள்போல் உரக்கச் சொன்னாள். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். உங்கள் பேரைக் கேட்டதில் எனக்கு நெஞ்சு நிறைந்தது.

மறைப்புக்குள் நானும் இரண்டு பெட்டிகளும் மட்டும். சீட்டைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

நீலமா பச்சையா என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சொல்லாத ஒன்று என்னிடம் இருப்பது இதுதான் முதல் முறை, கொஞ்சம் கர்வமாகக்கூட இருக்கிறது. வரும் வழியில் கோயிலில் இறங்கிக் கும்பிட்டேன். அவளிடமும் சொல்லவில்லை.

அவள் கேட்கவும் இல்லை மாமா. நீங்கள் அவளுக்குப் பயந்து பச்சையில் போட்டுவிட்டு அப்படிக் கழுவினீர்களே அந்தக் கையை, அவள் கேட்கவே இல்லை.

இனி எத்தனை தேர்தல் வந்தாலும், எவர் அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாலும், முதல் ஆளாகப் போய்த் தட்டுக்கும் ஊராருக்கும் நடுவில் நிற்பேன். இதற்குச் சத்தியமெல்லாம் செய்ய மாட்டேன். நான் சொன்னால் செய்கிறவள் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் அத்தை மகளும் வீட்டுக்காரியும், இப்போது ஓட்டுக்காரியுமான
பாவாயி