கேனில் வந்த சிறுவாணி

ஏனுங்க,

சௌக்கியமா என்று கேட்க மனம் வரவில்லை. நம் ஊர்க் கிணறுகளில் சாயக்கழிவு கலக்கவில்லை என்று உங்கள் பெயரோடு பேப்பரில் வந்ததைப் படித்தேன். கிணற்றுத் தண்ணீர்ப் பரிசோதனை முடிவைக் கேட்டுப் போன ஊர்க்காரர்களிடம், அது சர்க்கார் ரகசியம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். உங்களுக்கு மட்டும் காட்டினார்களா? இல்லை, அதிகாரி சொன்னதை அப்படியே எழுதிப்போட்டீங்களா?

நம் எருமைகூட அந்தத் தண்ணீரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. பக்கத்து வீட்டு நாச்சாத்தா, "உங்கூட்டுக்காரரே இப்படி எழுதிப்போட்டாருன்னா, நாங்க யாருகிட்டப் போய்ச் சொல்றதுங்க அம்மணி?" என்று கேட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது கோயமுத்தூரிலிருந்து கேனில் சிறுவாணித் தண்ணீர் கொண்டுவந்து குடித்தீர்களே, அதை ஏன் எழுதவில்லை?

அடுத்த முறை கேன் வேண்டாம். வீடேறி வருகிறவர்களுக்குக் கொடுக்கிற மாதிரி, வாசலிலேயே சொம்பு நிறையக் கிணற்றுத் தண்ணீரோடு நிற்பேன். குடித்துவிட்டு உள்ளே வாருங்கள்.

இப்படிக்கு,
அந்தத் தண்ணீரில்தான் உங்கள் பிள்ளைகளுக்குச் சோறாக்குகிறவள்.