நீ மறைக்கவில்லை, அக்கா

மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எனக்குத் தலைவாரிவிட்ட என் அக்காவுக்கு,

உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. நீ அடி அண்ணாமலையில், நான் திருவண்ணாமலை டவுனில். ஆட்டோ ஏறினால் வந்துவிடுவாய், இல்லாவிட்டால் போனில் திட்டுவாய். எழுத வேண்டிய அவசியம் எங்கே வந்தது? இப்போது வந்திருக்கிறது. நீ போய் ஒரு வருஷமும் ஒரு மாதமும் ஆகிறது. உன் மகள் கவிதாவிடம் அந்த விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நாம் இரண்டு பேரும் வாயே திறக்காமல் வைத்திருந்தோமே, அதைத்தான்.

கோபப்படாதே. முழுக்கப் படி, பிறகு திட்டு.

உனக்குத் தெரியாதது இல்லை. ஆனாலும் இதை மற்ற பெண்களும் படிக்க வேண்டும் என்பதால் முதலிலிருந்து எழுதுகிறேன்.

கிரிவலப் பாதையில் கடை வைத்திருப்பவர்களுக்குப் பௌர்ணமியை விட்டால் பெரிய வியாபாரம் கிடையாது. உன் டிபன் கடையும் அப்படித்தான். உடம்பு என்ன காலண்டர் பார்த்தா நடக்கும்? பௌர்ணமி அன்றே தூரமாகிவிட்டால் நீ அடுப்புப் பக்கம் போகமாட்டாய். "சாமியச் சுத்தி வர்றவங்க சாப்புடுற சோறுடி, தீட்டுக் கையால தொடலாமா?" என்பாய். அதற்குத்தான் என்னிடம் மாத்திரை. நான் மெடிக்கல் ஷாப்பில் கவுண்டருக்குப் பின்னால் நின்று இருபது வருஷம் ஆகிறது. பௌர்ணமிக்கு நாலைந்து நாள் முன்பே பெண்கள் வர ஆரம்பிப்பார்கள். பக்கத்தில் ஆம்பளை நிற்கிறானா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்கள். "அந்தத் தள்ளிப்போடுற மாத்திர குடும்மா." நான் டாக்டர் சீட்டு கேட்டதில்லை. வயசு கேட்டதில்லை. பேப்பரில் சுற்றி நீட்டிவிடுவேன். பெரிய உபகாரம் செய்கிறோம் என்று நினைப்பு வேறு எனக்கு.

உனக்கு ஐம்பது வயதில் மாதவிடாய் நின்றது. "அப்பாடா, இனிமே உன் மாத்திரைக்கு வேல இல்ல"ன்னு கடை வாசலில் நின்று சிரித்தாயே. அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஒரு சொட்டும் கிடையாது. கார்த்திகை தீபத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம் வந்தாய். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றாய்.

"செல்வி, எனக்குத் திரும்ப வந்துடுச்சுடி."

"இன்னாது?"

"அதான். நேத்துலேருந்து லேசாப் படுது. தீபத்துக்குக் கட போடணும், ரெண்டு அட்ட குடு."

நான் என்ன செய்தேன்? சிரித்தேன். "திரும்பவும் கொமரியாயிட்டியா? மாப்ள பாக்கட்டுமா?" என்றேன். நீயும் சிரித்தாய். மாத்திரையைக் கொடுத்தேன். நின்றுபோனது. தீபத்துக்கு நீ கடை போட்டாய், நானும் வந்து சட்னி அரைத்தேன். மாத்திரையை நிறுத்தியதும் கொட்டித் தீர்த்தது. தை மாதம் மறுபடி கேட்டாய், கொடுத்தேன். மாசியிலும் கொடுத்தேன். பங்குனியில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. கவிதாவையும் கூட்டிக்கொண்டு பெண் டாக்டரிடம் போனோம்.

அந்த டாக்டரம்மா ஒரே ஒரு விஷயம் சொன்னார். அது இன்னும் என் காதில் இருக்கிறது. "மாதவிடாய் நின்னு ஒரு வருஷம் ஆனதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் அது மாதவிடாய் இல்லம்மா. உடனே பாக்கணும். பல பேருக்குச் சாதாரணமாத்தான் இருக்கும், ஆனா பாத்தாத்தான தெரியும்." இருபது வருஷம் மருந்துக் கடையில் நின்றவளுக்கு இது தெரியாது அக்கா. தெரியாது என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

அப்புறம் அவர் கேட்டார். "எப்பலேருந்து படுது?"

"கார்த்திகையிலேருந்து."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா? மாத்திர எதுனா போட்டீங்களா?"

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். "இல்லீங்க. யார்கிட்டயும் சொல்லல. வெக்கமா இருந்துச்சு, கம்முனு இருந்துட்டேன்" என்றாய். கவிதா உன் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

வெளியே வந்து, கவிதா முன்னால் போனதும் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "ஏன் பொய் சொன்ன?" என்றேன். "உன் வேல போயிடும்டி. அதும் கவிதா எதிர்ல உன்னக் காட்டிக்குடுக்கச் சொல்றியா? வாய மூடு." மூடினேன். உள்ளுக்குள் எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? இதை எழுத எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

கர்ப்பப்பையின் உள்தோலில் புற்றுநோய் என்றார்கள். சித்திரையில் வேலூரில் ஆபரேஷன். கர்ப்பப்பை, சினைப்பை, குழாய் எல்லாவற்றையும் எடுத்தார்கள். அப்புறம் கதிர்வீச்சு, கரண்ட் வைப்பது என்பார்களே, அதையும் செய்தார்கள். அடுத்த ஆடியில் நீ போய்விட்டாய். நடுவில் ஒரு நாள் டாக்டரைத் தனியாகப் பார்த்து, "நாலு மாசம் முன்னாடியே வந்திருந்தா?" என்று கேட்டேன். "சொல்ல முடியாதும்மா" என்றார். ஆமாம் என்றிருந்தால் அழுதிருப்பேன், இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இரண்டும் நடக்கவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது என் தூக்கத்தைப் பற்றி இல்லை. கவிதாவைப் பற்றி.

உன்னை எடுப்பதற்கு முன்னால் அவள் உன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "ஏம்மா சொல்லல? எங்கிட்டகூடச் சொல்லக்கூடாதா? நான் இன்னா வேத்து மனுஷியா?" நான் தலைமாட்டில்தான் நின்றிருந்தேன். காரியத்தன்று சொந்தக்காரர்கள் எதிரிலேயே, "எங்கம்மா வெக்கப்பட்டே செத்துச்சு" என்றாள். அதன்பிறகு உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். பெற்ற மகள் அக்கா, ஒரு வருஷம் உன்மேல் கோபமாக இருந்தாள். நீ செய்யாத தப்புக்கு. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இந்த ஆடியில் உன் முதல் வருஷத் திதி வந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால் கவிதா கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் பிடித்து நேராக என் கடைக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஓரமாக நின்றாள். கூட்டம் குறைந்ததும் கிட்டே வந்தாள்.

"சித்தி, தள்ளிப்போடுற மாத்திர ஒரு அட்ட குடு. பதினெட்டு நாளா நிக்கல. வர்ற திதிக்கு நான்தான அம்மாவுக்குப் படைக்கணும்? இதோட எப்பிடி அடுப்புகிட்ட போவேன்?"

"தரமாட்டேன்" என்றேன்.

"இன்னா, ஸ்டாக் இல்லயா?"

"இருக்கு. உனக்குத் தரமாட்டேன். டாக்டர்கிட்ட போலாம், நட."

"திதி முடியட்டும் சித்தி, போலாம். இப்ப நின்னாப் போதும். நீ இன்னா இதுக்குப் போயி இப்பிடிப் பதறுற?"

அவளைக் கடைக்குப் பின்னால் மருந்துப் பெட்டிகள் அடுக்கி வைக்கிற அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு அட்டைப் பெட்டிமேல் உட்காரவைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அப்படியே கொட்டிவிட்டேன்.

"கவிதா, உங்கம்மா மறைக்கலடி. ரத்தம் பட்ட மறுநாளே எங்கிட்ட வந்து சொல்லிச்சு. நான்தான் சிரிச்சேன். நான்தான் மாத்திர குடுத்தேன், மூணு தடவ. டாக்டர்கிட்ட எனக்காகப் பொய் சொல்லிச்சு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "அம்மா சொல்லிச்சா?" என்றாள். அப்புறம் மறுபடி, "அப்ப அம்மா சொல்லிச்சா?" என் தப்பு அவள் காதில் இன்னும் ஏறவே இல்லை. நீ சொன்னாய் என்பது மட்டும்தான் ஏறியது. பெட்டிமேல் உட்கார்ந்தபடி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை எழுதத் தெரியவில்லை.

"ஒரு வருஷம், சித்தி. ஒரு வருஷமா நான் அத எப்பிடியெல்லாம் திட்டினேன், நீ பக்கத்துலதான இருந்த?"

"இருந்தேன்."

"கேட்டுக்கினு இருந்த?"

"கேட்டுக்கினுதான் இருந்தேன்."

எழுந்து போய்விட்டாள். நான் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரை ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

திதியன்று அவள் மாத்திரை போடவில்லை. தலைக்கு ஊற்றிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் மாமியார், "இந்த நேரத்துல நீ செய்யலாமா? வேற யாரையாவது வெச்சு செய்யலாமே" என்று இழுத்தார். "எங்கம்மாவுக்கு ஆவலைன்னா அது எங்கிட்ட வந்து சொல்லட்டும்ங்க" என்றாள். உனக்குப் பிடித்த கத்திரிக்காய்க் காரக்குழம்பு, வடை, பாயசம். சமைத்து முடித்துக் கால் வீங்கி உட்கார்ந்திருந்தாள். ஏன் அக்கா, அவள் கையால் படைத்ததை நீ வேண்டாம் என்றா சொல்லியிருப்பாய்? எனக்கும் இலை போட்டாள். எல்லாருக்கும் முகம் பார்த்துப் பரிமாறியவள் என் இலைக்கு வந்தபோது சோற்றை மட்டும் பார்த்தாள். நான் சாப்பிட்டேன்.

அப்புறம் ஒரு வாரம் பேச்சே இல்லை. ஒரு காலையில் போன் வந்தது. "ஸ்கேன் எடுத்தேன். கர்ப்பப்பைக்குள்ள சதை வளந்திருக்காம். நீ வா." அவ்வளவுதான் பேசினாள். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன்.

அவள் மாமியார் கெட்டவர் இல்லை, பயந்துவிட்டார். "ஒரு புள்ள இருக்குது, போதும். அவங்கம்மாவுக்கு வந்தது இவளுக்கும் வந்துடப் போவுது, மொத்தமா எடுத்துடுங்க" என்றார். அந்த டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். முப்பத்து நாலு வயதில் காரணம் இல்லாமல் கர்ப்பப்பையை எடுக்கக் கூடாதாம். வயிற்றைக் கிழிக்காமல் கீழ்வழியாகச் சின்ன கேமரா விட்டு அந்தச் சதையை மட்டும் எடுத்துவிடலாமாம். அதைப் பரிசோதனைக்கு அனுப்பிய பிறகு மற்றதைப் பேசலாம் என்றார். "கெட்டதா இருந்தா எடுப்போம். இல்லாததுக்கு எதுக்கும்மா?" கவிதா என்னைக் கேட்கவில்லை. அவளே ஒரு பக்கம் நிறையக் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தாள், டாக்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பதிலையும் எழுதிக்கொண்டாள்.

ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போது நர்ஸ் என்னைக் காட்டி, "அம்மாவா?" என்று கேட்டார். "இல்ல. சித்தி" என்றாள். அது சரிதான்.

முடிவு வர எட்டு நாள் ஆனது. அந்த எட்டு நாளும் நான் என்ன சாப்பிட்டேன், யாருக்கு என்ன மருந்து கொடுத்தேன் என்று நினைவில்லை. நேற்று வந்தது அக்கா. கெட்டது ஒன்றும் இல்லை. சாதாரணச் சதைதான். ரத்தப்போக்கு குறைந்துவிட்டது. ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுகிறாள். ஏதாவது மறுபடி பட்டால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கடையில் இப்போது சீட்டு இல்லாமல் அந்த மாத்திரை தருவதில்லை. "வியாபாரத்தக் கெடுக்குற"ன்னு முதலாளி முணுமுணுக்கிறார். வருகிற பெண்களும் என்னைத் திட்டிவிட்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும். போகிறவர்களைக் கையைப் பிடித்து நிறுத்தி, டாக்டரம்மா சொன்ன அந்த ஒரு விஷயத்தைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

முடிவை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது கவிதாவிடம் கேட்டுவிட்டேன். "எம்மேல கோவம் போச்சாடி?"

"போகல சித்தி. அந்த நாலு மாசத்த நெனச்சா வயிறு எரியுது. போகுமான்னும் தெரியல." இரண்டு படி இறங்கினாள். "ஆனா அம்மாகிட்ட பேச ஆரம்பிச்சுட்டேன். தெனமும் காலைல பேசுறேன்."

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அக்கா பேனாவை எடுத்தேன். இப்போது கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ, "போடி லூசு"ன்னு உடனே கொடுத்துவிடுவாய். அவ்வளவு சுலபமாக எனக்கு வேண்டாம். உன்மேல் இருந்த கோபத்தை உன் மகள் இறக்கி என்மேல் வைத்திருக்கிறாள். அது இருக்க வேண்டிய இடத்துக்குத்தான் வந்திருக்கிறது. அவள் திட்டினால் வாங்கிக்கொள்வேன், பேசாவிட்டால் காத்திருப்பேன், கூப்பிட்டால் ஓடுவேன். இனி ஒரு நாளும் உனக்குப் பின்னால் போய் ஒளியமாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
செல்வி