ஓடை திரும்பும் இடம்

ஹுர்த்தாதோ பள்ளத்தாக்கு, சிலி
மார்ச் 21, 1993

அன்புத் தம்பி ரொசாமெலுக்கு,

அண்ணி சுனில்டா எழுதுவது. நான் நலம். நீ அர்ஜென்டினாவில், சான் ஹுவான் பக்கம் திராட்சைத் தோட்டத்தில்தான் இருக்கிறாய் என்று எல்லை தாண்டிப் போய்வரும் லாரிக்காரர் ஒருவர் சொன்னார். ஒன்பது வருடமாக ஒரு வரி எழுதாதவளின் கடிதம் என்று கிழித்துப் போட்டுவிடாதே.

உன் அண்ணன் கிடைத்துவிட்டார். எலும்பாக.

போன மாதம் எல்லைத் தூண்களைப் பார்வையிட இரண்டு நாட்டு ஆட்களும் மலைக்குப் போனார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம், அர்ஜென்டினாவில் ஒரு ஓடைக்கரையில், பாறை மறைவில் கிடந்திருக்கிறார். எராஸ்மோ என்று பெயர் செதுக்கிய கத்தியும் கூடவே இருந்ததாம்.

நில அளவைக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்தார். மேசையில் மாவைத் தூவி, விரலால் மலையை வரைந்து காட்டினார். அந்த ஓடை கொஞ்ச தூரம் மேற்கே, நம் வீட்டைப் பார்த்துத்தான் ஓடுகிறது. பிறகு முகட்டில் முட்டி, வளைந்து, கிழக்கே திரும்பிவிடுகிறது. “மூடுபனியில நின்னா யாருக்கும் தெரியாதும்மா, வீட்டுக்குத்தான் போறோம்னு நம்பிடுவாங்க” என்றார். திருப்பத்தைத் தாண்டியும் வெகுதூரம் நடந்திருக்கிறார் உன் அண்ணன். வீட்டுக்கு வருவதாக நினைத்துக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டியபடி.

ஒன்பது வருடத்துக்கு முன், நீங்கள் இருவரும் போன மலை மேய்ச்சலிலிருந்து, காது இரண்டும் பனியில் கருகிப்போய், ஆடுகளோடு நீ மட்டும் வந்து நின்றாய். “ஓடைய விட்டுட்டு மேட்டுல ஏறுன்னு கத்துனேன் அண்ணி, அவன் கேக்கல” என்றாய். நான் மேய்ச்சல்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், “ஆட்டக் கொண்டாந்துட்ட, அண்ணன எங்கடா தொலைச்ச?” என்று கேட்டேன். நீ கோவேறு கழுதையில் ஏறிப் போய்விட்டாய்.

பனிமூட்டம் இறங்கும் மாதங்களில், மாலைக் காற்றோடு உன் அண்ணன் ஆடுகளைக் கூப்பிடும் சீழ்க்கை கேட்கும். எனக்கு மட்டுமல்ல, ஆடுகளும் ஒரே நேரத்தில் தலை தூக்கும். எலும்பு கிடைத்ததும் நின்றுவிடும் என்று நினைத்தேன். நேற்றும் கேட்டது. இத்தனை வருடமும் அது நெருங்கி வருவதாகவே எண்ணியிருந்தேன். இல்லை தம்பி, அது விலகிப் போய்க்கொண்டிருக்கிறது.

யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த வருடம் நீங்கள் கிளம்பியபோது, சேணத்தை இறுக்கிக்கொண்டிருந்தவரிடம் நான்தான் சொன்னேன்: “வழி தப்பினா தண்ணியோடயே வந்துருங்க. எல்லாத் தண்ணியும் நம்ம வாசலுக்குத்தான் வருது.” சிரித்துக்கொண்டே, “சரிடி” என்றார். என் பேச்சை ஒருபோதும் கேட்காத மனிதர், இதை மட்டும் கேட்டிருக்கிறார். உன்னைத் திட்டிய அன்றும் இது என் நினைவில் இருந்தது.

எலும்புகள் எல்லைக்கு உன் பக்கம், அர்ஜென்டினா அரசு அலுவலகத்தில் இருக்கின்றன. எங்கள் கல்யாணத்தைப் பதிவு செய்யாததால் என் கையெழுத்து செல்லாதாம். இரத்த உறவு வேண்டுமாம். அவருக்கு நீ ஒருவன்தான்.

பனி விழுந்து சாலை மூடுவதற்குள் அவரை அழைத்துக்கொண்டு வா. அன்று நின்ற மேய்ச்சல்காரர்கள் எல்லோரையும் அடக்கத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். குழியில் மண் போடுவதற்கு முன் அவர்களிடம் நான் பேச வேண்டும். நீ என் பக்கத்தில் நிற்க வேண்டும்.

மாதா உனக்கு வழித்துணையாக வரட்டும்.

உன் அண்ணி,
சுனில்டா